மெல்பர்னில் மணத்தது, மடிப்பாக்கத்தில் கசக்கிறது: ஹாப்ஸை எப்போது போடுவது?

1. கொதிநிலை (மடிப்பாக்கம்) | ஏப்ரல் 12, இரவு 9.40

வணக்கம். ஒரே செய்முறை, ஒரே ரக ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), ஒரே பாத்திரம். மெல்பர்னில் நன்றாக வந்தது இங்கே வரவில்லை. மூன்று முறை காய்ச்சிவிட்டேன், காரணம் பிடிபடவில்லை.

எட்டு ஆண்டுகள் மெல்பர்னில் இருந்தபோது வீட்டில் பியர் காய்ச்சிப் பழகினேன். மாமனார் எங்களோடு தங்க வந்த காலங்களில் அவருக்கென்று தனியாக ஒன்று செய்வேன். அவர் மதுவைத் தொடாதவர். அதனால் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றை ஹாப்ஸுடன் கொதிக்கவைத்து, ஈஸ்ட் சேர்க்காமல் வடிகட்டிக் குளிரவைத்து, சோடா சைஃபனில் வாயு ஏற்றிக் கொடுப்பேன். தம்ளரைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பார். "நார்த்தை இலையைக் கசக்கியது போல இருக்கிறது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே மாதம் இரண்டு முறை காய்ச்சினேன்.

சென்ற ஆடியில் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். இங்கே பியர் காய்ச்சுவதில்லை, இந்த மால்ட் பானம் மட்டும்தான். முடிவில் 10 லிட்டர், தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.030. ஹாப்ஸ் கேஸ்கேட் ரகம், பெல்லட்டாக (அழுத்திய குளிகையாக) வருவது; கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம். 60 நிமிடக் கொதிக்கு 10 கிராம். அடுப்பை அணைத்ததும் 30 கிராம். பிறகு குளிரவைத்து வடிகட்டுவேன். இப்போது வருவது கசப்பு மட்டும். மணம் ஏறக்குறைய இல்லை. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நிலவேம்புக் கஷாயம் தேவலை" என்று தம்ளரை வைத்துவிட்டார்.

முதல் 10 கிராமை 5 ஆகக் குறைத்தும் பார்த்தேன். கசப்பு பெரிதாகக் குறையவில்லை. தண்ணீரா, ஹாப்ஸா, நான் செய்யும் முறையா?

2. நெறியாளர் | ஏப்ரல் 12, இரவு 10.05

இழை திறந்திருக்கும். எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல்: 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். மது இல்லாத பானம், அனுமதி உள்ள நாடுகளில் காய்ச்சிய அனுபவம், அறிவியல் ஆகியவற்றைத் தாராளமாகப் பேசுங்கள். சென்னையில் பியர் காய்ச்ச வழி கேட்டு வரும் பதிவுகள் நீக்கப்படும்.

3. கசப்புப்பிரியன் (அண்ணா நகர்) | ஏப்ரல் 12, இரவு 10.31

மணம் வரவில்லை என்றால் கடைசியில் போடும் ஹாப்ஸ் போதவில்லை என்று பொருள். 30 கிராமை 60 ஆக்குங்கள். நான் சியாட்டிலில் இருந்த நான்கு ஆண்டுகளில் கற்ற பாடம் அதுதான். அங்கே ஹாப்ஸ் விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கு இரண்டு மணி நேரப் பயணம், ஹாப்ஸை அள்ளிக்கொண்டு வருவோம். கடைசிச் சேர்ப்பு கசப்பைக் கூட்டாது, மணத்தை மட்டும் கூட்டும். இதில் சந்தேகமே வேண்டாம்.

4. பெரம்பூர் வாசுகி | ஏப்ரல் 13, காலை 6.15

தம்பி, நான் பியர் காய்ச்சியவள் இல்லை. மகள் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஹாப் பூவைத் தேநீர்போலப் போட்டுக் குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ரசம் வைக்கிறேன், அதை வைத்து ஒரு கேள்வி கேட்கிறேன்.

ரசம் நுரைகட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் கெட்டது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஈயச் சொம்பில் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: இறக்கிய பிறகும் சொம்பு சூட்டை விடாது. அடுப்பு அணைந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால் என் மாமியார் கொத்தமல்லித் தழையை இறக்கியவுடன் போடவிட மாட்டார். சற்றுப் பொறுத்து, ஆவி தணிந்த பிறகு கிள்ளிப் போடச் சொல்வார். உடனே போட்டால் தழை கறுத்து, வாசனை போய், ஒரு பச்சைக் கசப்பு இறங்கும்.

நீங்கள் அடுப்பை அணைத்ததும் 30 கிராம் போடுகிறீர்கள். அதன் பிறகு அந்தப் பாத்திரம் எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது? மெல்பர்னில் எவ்வளவு நேரம் இருந்தது?

5. கொதிநிலை | ஏப்ரல் 13, காலை 8.02

அக்கா, இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டிருக்க வேண்டும்.

மெல்பர்னில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 11, 12 டிகிரிதான் இருக்கும். செம்புச் சுருளைப் பாத்திரத்துக்குள் இறக்கி, குழாயைத் திறந்துவிட்டால் ஏழு நிமிடத்தில் 70 டிகிரிக்குக் கீழே வந்துவிடும்.

இங்கே செம்புச் சுருள் பரணில் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஒரு தடவைக்கு 60, 70 லிட்டர் தண்ணீர் ஓடிப்போகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன் அப்படித் தண்ணீரை ஓடவிட எனக்கு மனம் வராது. அதனால் பாத்திரத்தை மூடி, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கிவிடுகிறேன். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இப்போதே 35 டிகிரி. சிறிது நேரத்தில் தொட்டித் தண்ணீரும் வெந்நீர் ஆகிவிடுகிறது.

நேற்றைய குறிப்பேட்டைப் பார்த்தேன். அடுப்பை அணைத்து 12 நிமிடத்தில் 90 டிகிரி. 30 நிமிடத்தில் 80. 45 நிமிடத்தில் 73.

6. தாம்பரம் வேதியியலாளர் | ஏப்ரல் 13, பிற்பகல் 3.20

கல்லூரியில் கரிம வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். வாசுகி அம்மாள் கேட்டதும் நீங்கள் கொடுத்த மூன்று எண்களும் சேர்ந்து விடையைக் காட்டிவிட்டன. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் ஹாப்ஸ் பற்றிய மீதி எல்லாம் தானாகவே வரும்.

ஹாப் பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூளாக இருப்பது லுபுலின். அதில் நமக்கு வேண்டிய இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஆல்ஃபா அமிலங்கள், மற்றொன்று நறுமண எண்ணெய். ஆல்ஃபா அமிலம் உள்ளபடியே தண்ணீரில் அதிகம் கரையாது, கசப்பும் குறைவு. கொதியில் அதன் மூலக்கூறு அமைப்பு மாறி ஐசோ ஆல்ஃபா அமிலம் ஆகிறது. அதுதான் கரைகிறது, அதுதான் கசக்கிறது. இதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும்.

எண்ணெய் நேர் எதிர். அதிலுள்ள மணப்பொருள்களில் மிர்சீனின் கொதிநிலை ஏறக்குறைய 167 டிகிரி, லினலூலுக்கு 198. கொதிக்கும் தண்ணீரோ 100 டிகிரிதான். அப்படியானால் எண்ணெய் தங்க வேண்டுமே என்று தோன்றும். தங்காது. ஊட்டியில் தைல மர இலையை நீராவியில் காய்ச்சித் தைலம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் எண்ணெய் தன் கொதிநிலையை எட்டுவதில்லை. நீராவி அதைத் தன்னோடு சுமந்துகொண்டு போகிறது. தைலக் கொட்டகையில் அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் சமையலறையில் அது சன்னல் வழியாகப் போய்விடுகிறது. காய்ச்சும்போது வீடு முழுக்க மணந்தால், அந்த அளவு பானத்தில் இல்லை என்று கணக்கிடுங்கள்.

இனி எண்கள். வீட்டில் காய்ச்சுவோர் பரவலாகப் பயன்படுத்தும் டின்செத் சூத்திரப்படி, உங்கள் அடர்த்தியில் 60 நிமிடக் கொதி ஆல்ஃபா அமிலத்தில் ஏறக்குறைய 27 சதவீதத்தைக் கசப்பாக மாற்றும். 10 கிராம் ஹாப்ஸில் 600 மில்லிகிராம் ஆல்ஃபா அமிலம். 10 லிட்டரில் லிட்டருக்கு 60. அதில் 27 சதவீதம் என்றால் 16, 17 கசப்பு அலகு (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் ஓர் அலகு).

கொதி நின்றதும் இந்த மாற்றம் நின்றுவிடாது, மெதுவாகும். 90 டிகிரியில் கொதியின் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 80இல் ஆறில் ஒரு பங்கு. 70இல் பதினாறில் ஒரு பங்கு. உங்கள் 45 நிமிடத்தை இந்த விகிதங்களால் பெருக்கிக் கூட்டினால், முழுக் கொதியில் 14 நிமிடம் வைத்ததற்குச் சமம். 30 கிராமில் 1800 மில்லிகிராம், லிட்டருக்கு 180. 14 நிமிடத்துக்கு 13 சதவீதம் மாறும். 23 அலகு வருகிறது.

மணத்துக்காக நீங்கள் போட்ட ஹாப்ஸ், கசப்புக்காகப் போட்டதைவிட அதிகம் கசக்கிறது. முதல் சேர்ப்பைப் பாதியாக்கியும் பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான். மெல்பர்னில் ஏழு நிமிடத்தில் குளிர்ந்தபோது அதே 30 கிராம் தந்தது ஐந்தாறு அலகாக இருந்திருக்கும். இவையெல்லாம் மதிப்பீடுதான், ஆய்வக அளவு அல்ல. ஆனால் வேறுபாட்டின் பருமன் சரியாகவே இருக்கும்.

இன்னொன்று. ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோ ஆல்ஃபா அமிலத்தில் ஒரு பகுதி அதன் மேல் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். உங்கள் பானத்தில் ஈஸ்ட் இல்லை. இறங்கிய கசப்பு முழுவதும் தம்ளருக்கு வருகிறது.

7. கசப்புப்பிரியன் | ஏப்ரல் 13, மாலை 5.45

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். 60 கிராம் போட்டிருந்தால் அவர் மாமனார் இன்னும் வருந்தியிருப்பார். சியாட்டிலில் என்னிடம் தட்டுக் குளிர்விப்பான் இருந்தது, தண்ணீரும் சில்லென்று வரும். கடைசிச் சேர்ப்பு கசக்காது என்பதை விதியாக எடுத்துக்கொண்டேன். அது அந்த ஊர்க் குழாயின் தயவு என்று இப்போதுதான் விளங்குகிறது.

8. அம்பத்தூர் வடிப்பாளர் | ஏப்ரல் 13, இரவு 11.10

பெங்களூரில் உரிமம் பெற்ற சிறு பியர் ஆலைகளில் ஒன்பது ஆண்டுகள் காய்ச்சினேன். தொழிலில் எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கொதி முடிந்ததும் வோர்ட்டை (நொதிக்காத மால்ட் சாற்றை) சுழலவிடுவோம், அதை வேர்ல்பூல் என்போம். பழைய முறையில் ஹாப்ஸ் அங்கே 95 டிகிரியிலேயே விழும். கசப்பு குறைவாக வேண்டும், பழ மணம் தூக்கலாக வேண்டும் என்றால் முதலில் வோர்ட்டை 80 அல்லது 75 டிகிரிக்கு இறக்கிவிட்டு, பிறகு ஹாப்ஸ் போட்டு 20 நிமிடம் வைப்போம். வாசுகி அம்மாவின் மாமியார் கொத்தமல்லிக்குச் செய்ததும் இதே முறைதான்.

மூடி பற்றி ஒரு குறிப்பு. கொதிக்கும்போது மூடாதீர்கள். வெளிர் மால்ட்டிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற ஒன்று உருவாகும், வேகவைத்த மக்காச்சோள நெடி அடிக்கும். திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும். நீங்கள் 90 டிகிரிப் பாத்திரத்தை மூடித் தொட்டியில் வைத்ததில் அந்த நெடியும் தங்கியிருக்கலாம். 75க்கு வந்த பிறகு மூடுங்கள், அப்போது மூடினால்தான் ஹாப்ஸ் எண்ணெய் நிற்கும்.

அடுத்தது ட்ரை ஹாப்பிங். நொதித்து முடியும் தருவாயிலோ முடிந்த பிறகோ குளிர்ந்த பியரில் ஹாப்ஸ் போடுவது. சூடே இல்லாததால் புதிதாக ஐசோ கசப்பு உருவாகாது, மணம் அப்படியே வரும். இரண்டு, மூன்று நாள் போதும். வாரக்கணக்கில் விட்டால் வெட்டிய புல்லின் வாடை ஏறும். சென்னைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. பிரிட்டனிலிருந்து கப்பலில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்த பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியர்ப் பீப்பாய்களில், பயணத்தைத் தாங்குவதற்காக உலர்ந்த ஹாப்ஸைப் போட்டே அடைத்து அனுப்பினார்கள். மதராஸுக்கும் அந்தப் பீப்பாய்கள் வந்திறங்கின.

ட்ரை ஹாப்பிங்கில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை பியரில் எஞ்சியிருக்கும் டெக்ஸ்டிரினை (ஈஸ்ட் தின்ன முடியாத மாவுச்சத்துத் துண்டுகளை) சர்க்கரையாக்கும், ஈஸ்ட் மறுபடியும் விழித்துக்கொள்ளும். ஹாப் கிரீப் என்பார்கள். பிரௌன், மோரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1893இலேயே எழுதிவைத்த செய்தி இது. அது தெரியாமல் ஒரு தொட்டி முழுவதையும் அவசரமாகக் குளிர்வித்துவிட்டேன். வெண்ணெய் வாடை அடித்தது, முழுவதையும் கொட்டினோம். அந்த வாடைக்குக் காரணமான பொருள் டையசெட்டைல். அன்றிலிருந்து டையசெட்டைல் சோதனை செய்யாமல் எந்தத் தொட்டியையும் குளிர்விப்பதில்லை.

அளவு பற்றி: கேஸ்கேட் ஹாப்ஸை வைத்து ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரை ஹாப்பிங்கில் லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அதே விகிதத்தில் கூடவில்லை என்று கண்டார்கள். எலுமிச்சை வகை மணம் நின்றுவிடுகிறது, மூலிகை, தேயிலை வாடைதான் மேலே வருகிறது. கையை அடக்கிப் போடுவது பணத்துக்கு மட்டுமன்றி மணத்துக்கும் நல்லது.

கடைசியாக ஒரு கேள்வி. பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தீர்களா? பச்சையாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா?

9. கொதிநிலை | ஏப்ரல் 14, காலை 7.30

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூப் பச்சடி வேலைக்கு நடுவே எழுதுகிறேன்.

தேய்த்துப் பார்த்தேன். ஓரங்கள் பழுப்பு. மணம் இருக்கிறது, ஆனால் அடியில் பழைய பாலாடைக்கட்டி போன்ற ஒரு வாடை. வெயிலில் இரண்டு நாள் கூரியர் கிடங்கில் கிடந்து வந்த பொட்டலம் இது. பிரித்த பிறகு ரப்பர் வளையம் போட்டு ஃப்ரிட்ஜின் கதவில் வைத்திருந்தேன்.

10. அம்பத்தூர் வடிப்பாளர் | ஏப்ரல் 14, காலை 9.12

பாலாடைக்கட்டி வாடை ஐசோவலெரிக் அமிலம். ஹாப்ஸ் காற்றும் சூடும் பட்டுக் கெட்டால் வருவது. கடைசிச் சேர்ப்புக்கு அந்தப் பொட்டலத்தைப் பயன்படுத்தாதீர்கள். 60 நிமிடக் கொதிக்கு மட்டும் போட்டுத் தீருங்கள், வாடை பெரும்பாலும் ஆவியில் போய்விடும். புதியது வாங்கும்போது ஒரு காய்ச்சலுக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரின் அடியில் வையுங்கள். கதவில் வேண்டாம்.

11. வேளச்சேரி நீலா | ஏப்ரல் 14, காலை 10.40

ஃப்ரீசரையும் முழுதாக நம்பாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. அக்காள் மகன் அனுப்பியிருந்த சாஸ் (Saaz) என்ற ரக ஹாப்ஸ் ஃப்ரீசரில் இருந்தது. பிரிக்காத படலப் பொட்டலம் தப்பியது, பிரித்தது கெட்டது. அதன் பிறகு பிரித்த பொட்டலத்தை அந்த மாதமே தீர்த்துவிடுகிறேன்.

ஒரு யோசனை கேட்கிறேன். வெட்டிவேரைத் துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போடுகிறோம். ஒரு இரவில் பானை முழுக்க மணக்கிறது. அடுப்பே இல்லை. வடிப்பாளர் ஐயா சொன்ன ட்ரை ஹாப்பிங்கும் அதுதானே? கொதிநிலை தம்பி தன் மால்ட் பானத்திலும் ஹாப்ஸை முடிச்சாகக் கட்டி ஒரு நாள் தொங்கவிட்டால் என்ன?

12. கிருமிக்கணக்கு (கிண்டி) | ஏப்ரல் 14, பகல் 12.05

உணவு நுண்ணுயிரியல் என் துறை. நீலா அவர்களின் ஒப்புமை அழகானது, அன்றன்றைக்குக் குடித்துத் தீர்க்கும் வெறும் தண்ணீருக்கு அது பொருந்தும். ஆனால் மால்ட் பானத்துக்கு வேண்டாம். தயவுசெய்து இதை யாரும் கடந்து போய்விடாதீர்கள்.

பியரில் ஆல்கஹால் உண்டு, புளிப்பு உண்டு, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்திருக்கும். நோய்க்கிருமிக்கு அங்கே ஏறக்குறைய இடமில்லை. நொதிக்காத மால்ட் சாறு அப்படிப்பட்டதல்ல. சர்க்கரை இருக்கிறது, பி.எச். (இது குறைந்தால் புளிப்பு அதிகம்) 5க்கு மேல் இருக்கிறது, ஆல்கஹால் இல்லை. சென்னை வெயிலில் கிருமிகளுக்கு இதைவிட நல்ல உணவு கிடைக்காது. ஹாப்ஸ் கிருமியைக் கொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். அது முக்கியமாகக் கிராம் பாசிட்டிவ் என்ற ஒரு வகை பாக்டீரியாவைத்தான் தடுக்கும், மற்றவற்றை அவ்வளவாகத் தொடாது. சூடு காணாத பெல்லட்டைக் குளிர்ந்த இனிப்புச் சாற்றில் ஒரு நாள் ஊறவிடுவது அபாயம். மூடிய புட்டியில் வெளியே வைத்தால் உயிரைப் பறிக்கும் போட்டுலிசம் என்ற நச்சுணவு நோய்வரை பேச வேண்டியிருக்கும்.

அதனால் கொதிநிலைக்கு மூன்று சொல்கிறேன். ஹாப்ஸை 70 டிகிரிக்குக் குறையாமல் 20 நிமிடம் ஊறவையுங்கள். குளிர்ந்ததும் எலுமிச்சைச் சாறு விட்டு பி.எச்.சை 4.6க்கு நன்றாகக் கீழே, 4.2 அளவுக்குக் கொண்டுவாருங்கள், தாளில் சோதியுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் குடித்துவிடுங்கள். முதியவர் ஒருவர் குடிக்கும் பானம் இது.

13. பெரம்பூர் வாசுகி | ஏப்ரல் 14, பிற்பகல் 4.00

எலுமிச்சை பிழிவதென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள் தம்பி. கொதியில் பிழிந்தால் அதுவும் கசந்துவிடும்.

கொத்தமல்லி விதை பற்றி யாராவது சொல்லுங்களேன். தனியாவை நுணுக்கி முகரும்போது எனக்கு ஹாப்ஸ் நினைவு வருகிறது. இது என் கற்பனையா?

14. தாம்பரம் வேதியியலாளர் | ஏப்ரல் 14, மாலை 6.30

கற்பனை இல்லை அம்மா. தனியா எண்ணெயில் பெரும்பகுதி லினலூல். ஹாப்ஸின் பூமணத்துக்கும் அதுவே முக்கியக் காரணம், நம் மல்லிகையிலும் இருக்கிறது. மிளகில் இருக்கும் காரியோஃபிலின் ஹாப்ஸிலும் உண்டு. ரோஜாவின் ஜெரானியாலும் சில ரகங்களில் உண்டு. பெல்ஜியத்துக் கோதுமைப் பியரில் நுணுக்கிய தனியாவைக் கொதியின் கடைசி நிமிடங்களில் போடுவது வழக்கம். உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது.

இனி, தண்ணீரை வீணாக்காமல் குளிர்விக்கும் வழி. 10 லிட்டரையும் கொதிக்கவைக்க வேண்டாம். 7 லிட்டராகக் காய்ச்சுங்கள். மீதி 3 லிட்டரை முந்தின நாளே கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான மூடிய எவர்சில்வர் டப்பாக்களில் பனிக்கட்டி ஆக்கிக்கொள்ளுங்கள்.

7 லிட்டரை 98 டிகிரியிலிருந்து 75க்கு இறக்க ஏறக்குறைய 673 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஒரு கிலோ பனிக்கட்டி உருகி 75 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய 668 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கிலோ போடுங்கள், கலக்குங்கள், ஓரிரு நிமிடத்தில் 75. ஒரு சொட்டுத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. அப்போது ஹாப்ஸைப் போட்டு மூடி 20 நிமிடம் வையுங்கள். பிறகு மீதி 2 கிலோ பனிக்கட்டி. 40 டிகிரி அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் உங்கள் தொட்டி போதும்.

இந்த முறையில் அந்த 30 கிராம் தரும் கசப்பு நான்கு அலகைத் தாண்டாது என்பது என் மதிப்பீடு.

15. கசப்புப்பிரியன் | ஏப்ரல் 14, இரவு 8.15

பனிக்கட்டிக் கணக்கை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டிவிட்டேன். வடிப்பாளர் அண்ணா, கொதிக்கு முன்பே, முதலில் வடியும் வோர்ட்டிலேயே ஹாப்ஸ் போடும் ஜெர்மானிய முறையில் மென்மையான மணம் தங்கும் என்கிறார்களே, உண்மையா? ஜெரானியாலை ஈஸ்ட் சிட்ரோனெல்லோல் என்ற இன்னொரு மணப்பொருளாக மாற்றும் என்பதும்?

16. அம்பத்தூர் வடிப்பாளர் | ஏப்ரல் 14, இரவு 10.50

இரண்டாவது உண்மை. நொதிக்கும் காலத்தில் ஹாப்ஸ் போட்டால் அந்த மாற்றம் நடக்கும், மணமும் மாறும். ஈஸ்ட் இல்லாத பானத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. முதலாவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வோர்ட்டில் போட்டு நான் காய்ச்சியவற்றில் கசப்பு வழவழப்பாக இருந்தது, அது பிடித்தது. மணம் என்று சொல்லும்படி எதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை. ஒரு மணி நேரக் கொதியைத் தாங்கி எவ்வளவு எண்ணெய் மிஞ்சும்?

புட்டி பற்றி ஒரு வரி: வெயில் படாமல் வையுங்கள். ஐசோ ஆல்ஃபா அமிலமும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினும் வெளிச்சத்தில் சேர்ந்தால் கெட்ட கந்தக நாற்றம் உண்டாகும், சென்னை வெயிலுக்குச் சில நிமிடம் போதும். பழுப்புப் புட்டி தடுக்கும், பச்சைப் புட்டி அவ்வளவாகத் தடுக்காது.

17. கொதிநிலை | ஏப்ரல் 27, இரவு 9.05

புதிய பொட்டலம் வந்தது. இந்த முறை விற்பவரிடம் கேட்டு, பனிப்பையில் வைத்து மாலையில் நானே போய் வாங்கி வந்தேன். பிரித்ததும் 30 கிராம் பொட்டலங்களாக மூடி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

நேற்று காய்ச்சியது: 7 லிட்டர், மூடாமல் 60 நிமிடம், பழைய ஹாப்ஸ் 10 கிராம். அடுப்பை அணைத்து ஒரு கிலோ பனிக்கட்டி. வெப்பமானி 76 காட்டியது. ஐயா, உங்கள் கணக்கு ஒரு டிகிரிதான் விலகியது. புதிய கேஸ்கேட் 30 கிராம், மூடி வைத்தேன், 20 நிமிட முடிவில் 72. மீதிப் பனிக்கட்டி போட்டதும் 42. தொட்டியில் வைத்து ஆற்றி, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து பி.எச். 4.2. இரவெல்லாம் ஃப்ரிட்ஜ். காலையில் வாயு ஏற்றினேன்.

காய்ச்சும்போது வீடு மணக்கவில்லை. முன்பெல்லாம் கீழ்வீட்டுக்காரர்வரை வந்து விசாரிப்பார்கள். ஐயா சொன்ன தைலக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது.

மாமனாரிடம் எதுவும் சொல்லாமல் தம்ளரை நீட்டினேன். வாங்கியவர் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "மெல்பர்னில் கொடுத்ததுதானே இது?" என்றார். பிறகு, "எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்" என்றார். அதுவும் சரிதான், அரைப் பழம் குறைத்திருக்கலாம்.

வாசுகி அக்கா, அவருக்கு ஈயச் சொம்புக் கதையைச் சொன்னேன். தன் அம்மாவும் தழையைப் பிறகுதான் போடுவார் என்று நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு இரண்டு பாகமாகக் காய்ச்சப்போகிறேன். ஒன்றில் 30 கிராமும் 75 டிகிரியில். மற்றதில் 25 கிராம் ஹாப்ஸுடன் நுணுக்கிய தனியா 5 கிராம். தம்ளர்களின் அடியில் குறியிட்டு, எது எதுவென்று சொல்லாமல் கொடுப்பேன். கிருமிக்கணக்கு அவர்களே, தனியாவையும் அதே 20 நிமிடம் 70க்கு மேல் வைத்தால் போதுமா, அல்லது வறுத்துப் போட வேண்டுமா?

18. கிருமிக்கணக்கு | ஏப்ரல் 27, இரவு 10.20

விதைகளில் சூட்டைத் தாங்கும் வித்துகள் இருக்கும். 70 டிகிரி அவற்றைக் கொல்லாது, இலேசாக வறுப்பதையும் நம்பிவிட முடியாது. கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். அது மற்ற கிருமிகளை அடக்கும். தப்பும் வித்துகள் முளைக்காமல் புளிப்பும் குளிரும் பார்த்துக்கொள்ளும், எனவே 4.2ஐயும் இரண்டு நாள் கெடுவையும் விடாதீர்கள்.

19. பெரம்பூர் வாசுகி | ஏப்ரல் 28, காலை 6.05

வறுக்க வேண்டாம் தம்பி. வறுத்தால் சாம்பார் வாசனை வந்துவிடும். பச்சையாகவே, போடுவதற்கு முன்பு அம்மியில் ஒரே ஒரு நசுக்கு.